கீமோ செல்லைக் கொல்கிறதா, செல் தானே சாகிறதா?

இந்த இணைய விவாத இழையைத் தொடங்கியவர் எழுதியது: "கீமோ என்பது போர்க்கால விஷவாயுவின் வாரிசு. டி.என்.ஏ.வை உடைக்கும், செல் சாகும், அவ்வளவுதான் அறிவியல். நல்ல செல், கெட்ட செல் என்ற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது. கட்டி சாவதற்கு முன் ஆள் சாகாமல் இருந்தால் அதிர்ஷ்டம். யாராவது மறுக்க முடியுமா?"

7 ஜூலை 2023, இரவு

விஷம் என்பதை மறுக்க மாட்டேன். "டி.என்.ஏ.வை உடைக்கும், செல் சாகும், அவ்வளவுதான்" என்பதை மறுக்கிறேன்.

நான் ஏன் இதில் தலையிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இளவயதில் எனக்கு விரையில் புற்றுநோய் வந்தது. கட்டியை அறுத்து எடுத்த பிறகு வயிற்றின் பின்பக்க நிணநீர்க் கணுக்களிலும் அது பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பி.இ.பி. கொடுத்தார்கள்: பிளியோமைசின், எடோபோசைடு, சிஸ்பிளாட்டின். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். அணைவுச் சேர்மங்கள் பாடத்தில் சிஸ்பிளாட்டின் ஓரிரு வரியில் வந்து போய்விடும். அந்த வரிகள் என் உடம்புக்குள் என்ன செய்தன என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன், இன்னும் முடியவில்லை.

பரவிய விரைப்புற்று 1970களுக்கு முன் பெரும்பாலும் ஆளைக் கொன்றுவிடும். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினை வின்பிளாஸ்டின், பிளியோமைசின் இரண்டோடும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். இன்று பரவிய நிலையில் வந்தாலும் பத்தில் எட்டுப் பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். நுரையீரல் புற்றுக்கும் அதே சிஸ்பிளாட்டினைக் கொடுக்கிறார்கள். அதே டி.என்.ஏ., அதே காயம். ஆனால் பரவிய நுரையீரல் புற்றை அது தனியாகக் குணப்படுத்துவதில்லை, கொஞ்ச காலம் ஒடுக்கி வைக்கும். உடைந்தால் சாகும் என்பதுதான் முழுக் கதை என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

8 ஜூலை, காலை

விஷவாயு விஷயம். இரண்டு பேர் இத்தாலியின் பாரி துறைமுகக் கதையை எழுதியிருக்கிறீர்கள். 1943 டிசம்பர் 2ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில், ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் ரகசியமாகக் கொண்டுவந்திருந்த கடுகு வாயு கசிந்தது. அதில் சிக்கியவர்களின் வெள்ளணுக்கள் சரிந்ததை ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற ராணுவ மருத்துவர் பதிவு செய்தார். இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் கீமோ அங்கே பிறக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் கில்மனும் குட்மனும் 1942 ஆகஸ்டிலேயே, அதாவது பாரிக்கு ஓராண்டுக்கும் முன்பே, கடுகு வாயுவின் உறவுச் சேர்மமான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்று நோயாளி ஒருவருக்கு ஏற்றிவிட்டார்கள். போர் ரகசியம் என்பதால் 1946 வரை வெளியே சொல்ல முடியவில்லை. அந்த நோயாளியின் கட்டிகள் கரைந்தன, பிறகு திரும்பி வந்தன, அவர் இறந்துபோனார்.

அந்த மருந்துக்கு இரண்டு கை உண்டு. ஒரு கை டி.என்.ஏ.வின் ஓர் இழையில் உள்ள குவானினை (டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று) பிடிக்கும், இன்னொரு கை எதிர் இழையின் குவானினைப் பிடிக்கும். இரண்டு இழையும் தைத்ததுபோல் ஒட்டிக்கொண்டால் பிரிய முடியாது. பிரியாமல் நகலெடுக்க முடியாது. சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தும் இதே குடும்பம். எனவே "வாரிசு" என்று சொன்னது சரி. ஆனால் பி.இ.பி.யில் உள்ள மூன்றில் எதுவும் விஷவாயுவிலிருந்து வந்ததில்லை.

8 ஜூலை, இரவு

சிஸ்பிளாட்டின் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற இயற்பியலாளர். செல் பிரியும்போது உள்ளே தெரியும் கதிர் அமைப்பு, காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் நிற்கும் கோலம்போல் அவருக்குத் தோன்றியது. அப்படியென்றால் மின்புலம் செல் பிரிவை ஏதாவது செய்யுமா? எ.கோலை பாக்டீரியா உள்ள கரைசலில் பிளாட்டின மின்முனைகளை வைத்து மின்சாரம் விட்டுப் பார்த்தார். பாக்டீரியா வளர்ந்தது, ஆனால் பிரியவில்லை. வழக்கமான நீளத்தைப்போல் 300 மடங்கு வரை நூலாக நீண்டுகொண்டே போனது. மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது. வினைபுரியாது என்று நம்பித்தான் பிளாட்டினத்தை மின்முனையாக வைத்தார்கள். அதுவே துளித்துளியாகக் கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து புதுச் சேர்மம் ஆகியிருந்தது. 1965இல் இது நேச்சர் இதழில் வந்தது. சேர்மம் ஒன்றும் புதிதில்லை. 1840களிலேயே மிக்கேல் பெய்ரோன் என்ற இத்தாலியர் தயாரித்து வைத்ததுதான். 1978 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

வகுப்பில் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்லும் இடம் அடுத்தது. நடுவில் பிளாட்டினம், இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு செறிவு சுமார் 100 மில்லிமோலார். அவ்வளவு குளோரைடு சுற்றிலும் இருக்கும்போது மருந்திலுள்ள குளோரைடு கழன்று போவது குறைவு. செல்லுக்குள் நுழைந்ததும் குளோரைடு 4 முதல் 20 மில்லிமோலார்தான். குளோரைடு கழன்று அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். தண்ணீரின் பிடி தளர்ந்தது, டி.என்.ஏ.வின் குவானினில் உள்ள ஏழாம் எண் நைட்ரஜன் அதை எளிதாக விலக்கிவிட்டுப் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, செல்லுக்குள் போன பிறகுதான் மருந்துக்குக் கூர் வருகிறது.

பெரும்பாலும் அது பிடிப்பது ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குவானின்களை. ஏறத்தாழ 65 சதவீதம் இப்படி. இன்னொரு 25 சதவீதம் அடினின் என்ற எழுத்தும் குவானினும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில். எதிரெதிர் இழைகளைக் கோப்பது மிகச் சிறு பங்குதான். அப்படிப் பிடிக்கும்போது டி.என்.ஏ. அந்த இடத்தில் 30 டிகிரிக்கு மேல் வளைந்துபோகிறது. சிஸ்பிளாட்டினில் இரண்டு குளோரைடும் ஒரே பக்கம். அவை எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் டிரான்ஸ் வடிவத்தால் பக்கத்துப் பக்கத்துக் குவானினை எட்டிப் பிடிக்க முடியாது. அது மருந்தாக உதவவும் இல்லை. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அமைப்பு மட்டும் வேறு. மாற்றியம் எதற்குப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

கவனியுங்கள், இதுவரை எதுவும் உடையவில்லை. ஒரு வளைவு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

9 ஜூலை

நர்ஸ் ஒருவர் கேட்டது: "அதனால்தான் சிஸ்பிளாட்டினைச் சலைனில் மட்டும் கலக்கச் சொல்கிறார்களா?" ஆமாம் சிஸ்டர், அதே காரணம்தான். வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் குளோரைடு இல்லை. பாட்டிலிலேயே மருந்து மாற ஆரம்பித்துவிடும். அலுமினியப் பாகமுள்ள ஊசி படக்கூடாது என்பதும் பிளாட்டினம் அதனோடு வினைபுரிந்துவிடும் என்பதால்தான்.

11 ஜூலை

மற்ற இரண்டு மருந்து.

பிளியோமைசின்தான் நிஜமாகவே உடைப்பது. ஜப்பானில் ஹமாவோ உமேசாவா குழு மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிருமியிலிருந்து பிரித்தது. அது இரும்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ஆக்சிஜனை வைத்து, டி.என்.ஏ.வின் சர்க்கரையிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. சர்க்கரை சிதைந்தால் அந்த இழை அறுந்துவிடும். எதிர் இழையிலும் அதே இடத்துக்குப் பக்கத்தில் அறுந்தால் இரட்டை முறிவு, அதுதான் மோசமானது. இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி நம் உடம்பில் உண்டு. அது நுரையீரலிலும் தோலிலும் குறைவு. அதனால்தான் அந்த இரண்டு இடத்திலும் பிளியோமைசின் தொல்லை. என் முதுகில் சொறிந்த இடமெல்லாம் சாட்டையடி பட்டதுபோல் பழுப்புக் கோடுகள் விழுந்தன. அம்மா பார்த்துவிட்டு யார் அடித்தது என்று பதறிப்போய்க் கேட்டார். மருந்து ஏறிய அன்றே குளிரும் காய்ச்சலும் வரும். ஆனால் எலும்பு மஜ்ஜையை இது பெரிதாகத் தொடுவதில்லை. அதனால்தான் மற்ற இரண்டோடு சேர்த்துக் கொடுக்க முடிகிறது.

எடோபோசைடு டி.என்.ஏ.வைத் தானாக வெட்டுவதில்லை. முறுக்கிய தேங்காய்நார்க் கயிற்றை நடுவில் பிரித்துப் பாருங்கள்; பிரித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் முறுக்கு இறுகி, கடைசியில் கயிறு சுருண்டுகொள்ளும். டி.என்.ஏ.வை நகலெடுக்கப் பிரிக்கும்போதும் அதே சிக்கல். அதைத் தீர்க்கச் செல்லிடம் டோபோஐசோமெரேஸ் என்ற நொதிகள் உண்டு. அவற்றில் இரண்டாம் வகை, டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் வெட்டி, வெட்டு முனைகளைத் தன் உடலோடு பிணைத்துக்கொண்டு, இடைவெளி வழியே இன்னொரு டி.என்.ஏ. துண்டைக் கடக்கவிட்டு, மறுபடி ஒட்டிவிடும். தினமும் கோடிக்கணக்கான செல்களில் நடக்கிற வேலை. எடோபோசைடு அந்தக் கடைசிப் படியை மட்டும் தடுக்கிறது. வெட்டு விழுந்துவிட்டது, ஒட்ட முடியவில்லை, நொதி அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. நகலெடுக்கும் எந்திரம் ஓடிவந்து அதில் மோதும்போது அது நிரந்தர முறிவாகிவிடுகிறது.

அதாவது செல்லின் சொந்த நொதியையே அதற்கு எதிரான ஆயுதமாக்குகிறது இந்த மருந்து. இந்த நொதி எந்தச் செல்லில் அதிகமோ அங்கே காயமும் அதிகம். வேகமாகப் பிரியும் செல்லில் அது அதிகம். "நல்ல செல் கெட்ட செல் தெரியாது" என்று தொடங்கிய நண்பருக்கு முதல் பதில் இது. பெயர் தெரியாதுதான், ஆனால் அவசரமாகப் பிரிகிறவர்களை அதற்கு அடையாளம் தெரியும்.

12 ஜூலை

"நித்தியகல்யாணிப் பூவிலிருந்து எடுக்கும் மருந்தும் டி.என்.ஏ.வை வெட்டுவதுதானே?" இல்லை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க நுண்குழல்கள் கட்டப்படும். அவற்றைக் கட்டவிடாமல் செய்கின்றன. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்றுதான் இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலியின் வெள்ளணுக்கள் குறைந்தன. அங்கிருந்து வந்ததுதான் 1958இன் வின்பிளாஸ்டின். நம் திருநெல்வேலிப் பக்கம் இந்தச் செடியை வயலில் பயிரிட்டு வேரும் இலையும் ஏற்றுமதி செய்திருக்கிறார்கள்.

ஐன்ஹார்னின் முதல் கூட்டில் இருந்தது வின்பிளாஸ்டின்தான். நரம்புத் தொல்லையும் தசை வலியும் அதிகம். 1987இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில் அதை எடுத்துவிட்டு எடோபோசைடு வைத்தபோது தொல்லை குறைந்தது, பலனும் குறையவில்லை. பி.வி.பி. போய் பி.இ.பி. வந்தது அப்படித்தான்.

இலையை அரைத்துக் குடிக்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ஓர் இலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளணுவைக் குறைக்கும் பொருளை அளவு தெரியாமல், அதுவும் கீமோ நடக்கும்போது எடுப்பது உயிரோடு விளையாடுவது.

15 ஜூலை

இப்போது முக்கியமான இடம். காயம் ஆன பிறகு என்ன?

செல்லுக்குள் டி.என்.ஏ.வைச் சரிபார்த்தபடியே திரியும் புரதங்கள் உண்டு. ஏ.டி.எம். என்பது இரட்டை முறிவைக் கண்டால் விழிக்கும். ஏ.டி.ஆர். நகலெடுப்பு எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் விழிக்கும். இரண்டும் மற்ற புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஒட்டிச் செய்தி அனுப்பும். முதல் உத்தரவு: பிரிவை நிறுத்து. பிறகு பழுதுபார்க்கிறவர்கள் வருவார்கள். சிஸ்பிளாட்டின் வளைவை, இரண்டு பக்கமும் வெட்டி சுமார் 30 எழுத்து நீளத் துண்டாக அப்படியே எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்பிவிடும் முறை ஒன்று உண்டு. அதைத் துலக்கியவர்களில் ஒருவரான அசீஸ் சஞ்சார், டோமாஸ் லிண்டாலும் பால் மாட்ரிச்சும் உடன் பெற, 2015இல் வேதியியல் நோபல் பெற்றார்.

பழுது சரியானால் செல் பிழைத்துக்கொள்ளும். சரியாகவில்லை என்றால்?

பி53 என்ற புரதம். 1979இல் கண்டுபிடித்தார்கள். சாதாரண நாளில் செல் இதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதம் உடனுக்குடன் அழித்துக்கொண்டே இருக்கும். டி.என்.ஏ. காயச் செய்தி வந்ததும் இந்த அழிப்பு நிற்கிறது, பி53 சேர்கிறது. காயம் கொஞ்சம் என்றால் பிரிவை நிறுத்திப் பழுதுபார்க்க நேரம் வாங்கித் தரும். அதிகம் என்றால், அல்லது நீண்டுகொண்டே போனால், பூமா, பேக்ஸ் போன்ற புரதங்களைச் செய்யச் சொல்லும். அவை செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை போடும். உள்ளிருந்து சைட்டோகுரோம் சி வெளியே கசியும். ஆற்றல் தயாரிப்பில் எலக்ட்ரான் கடத்துவதாக நாம் பாடத்தில் படித்த அதே சைட்டோகுரோம் சி. அது வெளியே வந்தால் கேஸ்பேஸ் என்ற வெட்டு நொதிகள் ஒன்றை ஒன்று முடுக்கிவிடும். பிறகு திரும்பி வர வழியில்லை.

அந்தக் கேஸ்பேஸ்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, கட்டிப்போட்டிருந்த ஒரு டி.என்.ஏ. வெட்டு நொதியை அவிழ்த்துவிடுவது. அது அந்தச் செல்லின் மொத்த டி.என்.ஏ.வையும் சுமார் 180 எழுத்துக்கு ஒன்றாகத் துண்டாடுகிறது. செல் சுருங்கி, பொட்டலங்களாகப் பிரிந்து, பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். 1972இல் கெர், வைலி, கர்ரி மூவரும் அபோப்டோசிஸ் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆக, மருந்து போட்டது ஆங்காங்கே சில வளைவுகளும் முறிவுகளும். டி.என்.ஏ.வை உண்மையிலேயே சுக்குநூறாக்கியது செல். "மருந்து கொல்கிறது" என்ற வாக்கியத்தில் எனக்கு உள்ள தகராறு இதுதான்.

இதை வைத்து முதல் நாள் கேள்விக்கு வரலாம். விரைப்புற்றுச் செல்களில் பி53 பெரும்பாலும் பழுதாகாமல் இருக்கிறது. மொத்தப் புற்றுநோய்களில் பாதி அளவில் அது கெட்டுப்போயிருக்கும். அதோடு, பிளாட்டின வளைவை வெட்டி எடுக்கும் முறைக்குத் தேவையான எக்ஸ்.பி.ஏ. என்ற புரதம் ஆய்வகத்தில் வளர்த்த விரைப்புற்றுச் செல்களில் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பழுதுபார்க்கும் சக்தி குறைவு, சாகச் சொல்லும் குரல் முழுசாக இருக்கிறது. நான் உயிரோடு இருப்பதற்கு மருந்து எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் என் கட்டியின் இந்தக் குணம். இதைப் படித்த நாளில் வெகுநேரம் தூங்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் அதே சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர், எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். நுரையீரல் புற்று. அவர் பிழைக்கவில்லை. அவர் மனத்தைரியத்தில் எனக்குக் குறைந்தவர் இல்லை. "போராடி ஜெயித்தார்" என்று என்னைப் பற்றி யாராவது சொன்னால் அவர் ஞாபகம்தான் வரும்.

16 ஜூலை

இரவு எழுதியதில் பி53க்கு அதிக இடம் கொடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. அது மட்டும் போதாது. சினைப்பைப் புற்றில் மிக அதிகம் காணப்படும் தீவிர வகையில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டிகளிலும் பி53 கெட்டிருக்கும். ஆனாலும் பிளாட்டின மருந்துக்கு முதல் தடவை நன்றாகவே கரையும். எப்படி? அவற்றில் கணிசமானவற்றில் பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுக்கள் பழுதாகி, இரட்டை முறிவைப் பிழையில்லாமல் சரிசெய்யும் வழி அடைபட்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை, சரிசெய்யவும் வழி இல்லை. காயத்தோடு பிரியப் போய், குரோமோசோம்கள் கிழிந்து, அந்தக் குழப்பத்தில் சாகின்றன. கட்டளைப்படி சாவது ஒன்று, பிரிவில் தடுமாறிச் சாவது இன்னொன்று. மூன்றாவதாக, சாகாமல் இனிமேல் பிரியவே மாட்டேன் என்று கிழடாகி உட்கார்ந்துவிடும் செல்களும் உண்டு.

20 ஜூலை

தொடங்கிய நண்பர் திரும்ப வந்து கேட்கிறார்: "அப்படியென்றால் முடி ஏன் கொட்டுகிறது? அது என்ன பாவம் செய்தது?"

நியாயமான கேள்வி. முடிவேர், குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை மூன்றும் வேகமாகப் பிரியும் இடங்கள். அங்கேயும் காயம் படும், அங்கே பி53 நல்ல நிலையில் இருப்பதால் ஒழுங்காகச் சாகவும் செய்யும். ஆனால் அடியில் இருக்கும் தாய்ச் செல்கள் பல, அந்த நேரம் பிரியாமல் ஓய்ந்திருக்கும். அவை தப்பித்துத் திரும்பக் கட்டுகின்றன. மருந்தை 21 நாளுக்கு ஒரு சுற்றாக (சைக்கிள் என்பார்கள்) கொடுப்பது அந்த இடைவெளிக்காகத்தான். நல்ல மஜ்ஜை மீள வேண்டும், கட்டி மீளக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் மொத்த சிகிச்சையும் நிற்கிறது. வெள்ளணுக்கள் சில நாள்தான் வாழும், அதனால் இரண்டாவது வாரத்தில் கவுன்ட் விழும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்பதால் ரத்தசோகை மெதுவாக, பிந்தி வரும். அந்த இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாந்திக்கும் செல் பிரிவுக்கும் சம்பந்தம் இல்லை. குடல் சுவரில் உள்ள சில செல்கள் சிஸ்பிளாட்டின் பட்டதும் செரடோனினைக் கொட்டும், அது நரம்பைத் தூண்டி மூளையின் வாந்தி மையத்துக்குச் செய்தி அனுப்பும். ஆன்டன்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து அந்தச் செய்தியை மறிக்கிறது. அது வராத 1990களுக்கு முன் சிஸ்பிளாட்டின் வாங்கியவர்கள் அதனால்தான் அவ்வளவு பாடுபட்டார்கள். காதும் சிறுநீரகமும் இன்னொரு கணக்கு. அங்கே செல்கள் பிரிவதே அரிது. ஆனால் பிளாட்டினம் அங்கே போய்ச் சேர்ந்து தங்கிவிடுகிறது. எனக்கு உச்ச ஸ்தாயிச் சத்தம் இப்போதும் சரியாகக் கேட்காது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண்பிள்ளைகள் மெல்லிய குரலில் பதில் சொன்னால் எழுந்து பக்கத்தில் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

29 ஜூலை

மூளைக் கட்டிக்கு டெமோசோலோமைடு மாத்திரை எடுக்கும் ஒருவரின் மகள் தனிச்செய்தியில் கேட்டார், "எம்.ஜி.எம்.டி. டெஸ்ட் எதற்கு?" அனுமதி வாங்கி இங்கேயே எழுதுகிறேன்மா, மற்றவர்களுக்கும் உதவும்.

இந்த மருந்து குவானின்மேல் ஒரு சின்ன மீத்தைல் தொகுதியை ஒட்டுகிறது. ஆறாம் எண்ணில் உள்ள ஆக்சிஜனில் ஒட்டினால்தான் ஆபத்து. எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அந்த மீத்தைலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தானும் வீணாகிப்போகும். ஒரு மீத்தைலுக்கு ஒரு புரதம். கட்டியில் இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு மூடியிருந்தால் மீத்தைல் அப்படியே நிற்கும், மருந்து நன்றாக வேலை செய்யும். அப்பாவுக்கு அந்த டெஸ்டில் "மீத்திலேட்டட்" என்று வந்தால் மரபணு மூடியிருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி.

நின்ற மீத்தைல் என்ன செய்கிறது என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. நகலெடுக்கும்போது அந்தக் குவானினுக்கு எதிரே சைட்டோசின் என்ற எழுத்துக்குப் பதில் தைமின் என்ற எழுத்து உட்கார்ந்துவிடுகிறது. பிழைதிருத்தும் குழு வந்து "ஜோடி தப்பு" என்று புது இழையை வெட்டும். ஆனால் தவறு பழைய இழையில் அல்லவா இருக்கிறது? நிரப்பும்போது மறுபடியும் தைமின். மறுபடியும் வெட்டு. இப்படி வெட்டி வெட்டியே இரட்டை முறிவு வந்து செல் சாகிறது. பிழைதிருத்தும் குழுவே இல்லாத செல் இந்த மீத்தைலைச் சகித்துக்கொண்டு பிழைத்துவிடுகிறது, பிழைகள் மட்டும் குவிந்துகொண்டே போகும். சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வரும் கட்டிகள் சிலவற்றில் அந்தக் குழு செயலிழந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சிஸ்பிளாட்டினில் பழுதுபார்ப்பு செல்லைக் காப்பாற்றுகிறது. இங்கே பழுதுபார்ப்பே கொல்கிறது.

6 ஆகஸ்ட்

"முதலில் கரைந்த கட்டி ஏன் திரும்பி வந்து அதே மருந்துக்கு மசியவில்லை?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. மேலே சொன்ன ஒவ்வொரு படியிலும் செல்லுக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. மருந்தை உள்ளே விடாமல் தடுக்கலாம், வந்ததை வெளியே தள்ளலாம், தன்னிடமுள்ள குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறால் பிளாட்டினத்தைக் கட்டிப்போடலாம், பழுதுபார்ப்பைக் கூட்டலாம், சாகும் கட்டளையை அணைத்துவிடலாம். கோடிக்கணக்கான செல்களில் ஒன்றுக்கு அந்த மாற்றம் இருந்தால் போதும், மற்றவை செத்ததும் இடம் அதற்குத்தான்.

பி.ஆர்.சி.ஏ. விஷயத்தில் இது துல்லியமாகத் தெரிகிறது. அந்த மரபணு பழுதான செல்கள் பார்ப் என்ற இன்னொரு பழுதுபார்ப்பு நொதியை நம்பியே வாழ்கின்றன, அதையும் அடைத்தால் சாகும் என்று 2005இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. அதிலிருந்து வந்த ஒலாபாரிப் என்ற பார்ப் தடுப்பு மருந்து 2014இல் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகும் சில கட்டிகள் தப்பிக்கின்றன, பழுதான பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் இரண்டாவது ஒரு மாற்றம் விழுந்து, அது மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. பார்ப் தடுப்பான்கள் பற்றி நேரம் கிடைக்கும்போது தனி இழை போடுகிறேன்.

2 டிசம்பர்

தம்பி ஒருவருக்கு அடுத்த வாரம் பி.இ.பி. ஆரம்பம், "டாக்டரிடம் கேட்க மறந்துவிடக் கூடாதது எது" என்று கேட்டிருக்கிறார். முதலாவது, விந்தணு சேமிப்பு. மருந்து ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியது; வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டுவிடாதே. பலருக்கு விந்தணு உற்பத்தி திரும்பிவிடும், எல்லோருக்கும் இல்லை. காதில் இரைச்சல் கேட்டால் அன்றைக்கே சொல். மேக்னீசியம் குறைந்தால் கால் தசை பிடிக்கும், ரத்தத்தில் பார்ப்பார்கள். வறட்டு இருமலோ மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதோ வந்தால் அடுத்த பிளியோமைசினுக்கு முன் கட்டாயம் சொல். நுரையீரலுக்காக அந்த மருந்தை மாற்றுவது உண்டு. இதே விரைப்புற்று வந்த சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் முதல் சுற்று பி.இ.பி. கொடுத்துவிட்டு, சைக்கிள் ஓட்டும் நுரையீரலைக் காப்பாற்ற பிளியோமைசினுக்குப் பதில் ஐபாஸ்பமைடு என்ற வேறு மருந்து கொடுத்தார்கள்.

இன்னொன்று, சிகிச்சை முடிந்து பல வருடம் ஆன பிறகும் பொருந்துவது. எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் "நான் பிளியோமைசின் எடுத்தவன்" என்று நீயே முதலில் சொல்லிவிடு. அதிக ஆக்சிஜன் கொடுத்தால் அந்த நுரையீரல் பாதிக்கப்படலாம் என்பதால் அவர்கள் அளவைக் கவனித்துக் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மொத்தம் எத்தனை யூனிட் பிளியோமைசின் ஏறியது என்று எழுதி வாங்கி வைத்துக்கொள். முதல் சைக்கிள் முடிந்ததும் மார்க்கர் (கட்டி ரத்தத்தில் விடும் அடையாளப் பொருள்) எவ்வளவு இறங்கியது என்று இங்கே எழுது, பார்க்கிறேன்.